ஸோஜி லாவில் மூன்று ஹாரன்

கடந்த செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் நானும் ஹமீது பாயும் ஸ்ரீநகரிலிருந்து திராஸ் வரை ஒரு பழைய டீசல் ஜீப்பில் போய்த் திரும்பினோம். போக வர ஏறத்தாழ 290 கிலோமீட்டர். பெரும்பகுதி நல்ல தார்ச்சாலை. ஸோஜி லா கணவாயை ஒட்டிய இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் மட்டும் இன்னும் மண்ணும் கல்லும் சேறுமாகவே கிடக்கிறது. இந்தக் கட்டுரை அந்தத் துண்டைப் பற்றியது. அதிலும் பதினோரு மீட்டரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏன் அந்தச் சாலை என்று கேட்டவர்களுக்கு ஒரு பழைய நோட்டுப் புத்தகம்தான் பதில். நாளிதழ் நிருபராக இருந்த காலத்தில் சேத்தியாத்தோப்பில் ஒரு முன்னாள் படைவீரரைப் பேட்டி எடுத்தேன். 1948-இல், குளிர் இறங்குவதற்கு முன்பாக, தெற்கிலிருந்து போன பொறியாளர் படையினர் ஸோஜி லாவின் கோவேறு கழுதைப் பாதையை டாங்கிகள் ஏறும் அகலத்துக்கு வெட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள். இவர் அந்த வேலையில் இருந்தவர். நோட்டில் ஆறு பக்கம் எழுதியிருந்தேன், பத்திரிகையில் நான்கு வரி வந்தது. ஓய்வு பெற்ற பிறகு அலமாரியை ஒழித்தபோது அந்த ஆறு பக்கம் கையில் அகப்பட்டது. கணவாய்க்கு அடியில் இப்போது சுரங்கப்பாதை தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அது திறந்துவிட்டால் மேலே உள்ள சாலையை யார் பராமரிப்பார்கள் என்று தெரியாது. அதற்குள் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

ஹமீது பாய் தானாகவே சேர்ந்துகொண்டார். நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் அவருடைய மைத்துனரின் தார்ப்பாய்க் கடைக்கு எதிரே உள்ள டீக்கடையில் வாரத்துக்கு இரண்டு நாளாவது நாங்கள் சந்திப்போம். அவருக்கு வயது ஐம்பத்தொன்று. நெய்வேலி சுரங்கத்தில் பத்தொன்பது ஆண்டு காண்ட்ராக்டில், மண் சுமந்து கொட்டும் டம்பர் லாரி ஓட்டியவர். பிறகு வெளியூரில் ஒரு ஜல்லிக் குவாரிக்குப் போனார். அங்கே மூன்று வருடத்துக்கு முன் வண்டி சரிந்தது. அதிலிருந்து டம்பரில் ஏறவில்லை, மைத்துனர் கடையில் தார்ப்பாய் அளந்து கொடுக்கிறார். நான் ஸோஜி லா என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கல் ரோடா சார்? ஏத்தம் எவ்ளோ?" என்பதுதான். எனக்குத் தெரியாது என்றேன். மறுநாள் டிக்கெட் விலை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

நெய்வேலியிலிருந்து காலை 5.10 பேருந்து, சென்னைக்கு ஐந்து மணி நேரம். அங்கிருந்து டெல்லி வழியாக ஸ்ரீநகர். ஒருவருக்கு ஒருவழிக் கட்டணம் 11,200 ரூபாய் ஆனது. இரண்டு மாதம் முன்பே எடுத்திருந்தால் மூவாயிரம் குறைந்திருக்கும். வண்டி என்னுடைய பழைய நண்பர், ஸ்ரீநகர் புகைப்படக்காரர் ஒருவருடையது. சாவியைக் கொடுத்தபோது, இரண்டாவது கியரில் ஏறு, இரண்டாவது கியரில் இறங்கு, மற்றதை வண்டி பார்த்துக்கொள்ளும் என்றார். அதே ஆலோசனையை ஹமீது பாயிடம் உருதுவில் ஒருமுறை விரிவாகச் சொன்னார். பாய் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வண்டி கிளம்பியதும் என்னிடம் திரும்பினார்.

"என்னா சார் சொன்னாரு?"

"உங்களுக்கு உருது தெரியும் என்று நினைத்துவிட்டார்."

"பேரு ஹமீதுன்னா உருது வந்துடுமா? எங்க வூட்ல தமிழ் தவிர ஒண்ணும் கெடயாது. நீங்கதான் டவுன்ஷிப்ல பக்கத்து வூட்டு ஆளுங்ககிட்ட இந்தி கத்துக்கினீங்க."

அது உண்மை. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் எல்லா மாநிலத்துக் குடும்பங்களும் உண்டு. முப்பது வருடம் சுவருக்கு இந்தப்பக்கம் இருந்தே பிழைப்புக்கான இந்தி வந்துவிட்டது. பயணம் முழுக்க நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

ஸ்ரீநகரிலிருந்து சோனமார்க் 80 கிலோமீட்டர். ஊருக்கு முன்னால் ஒரு புதிய சுரங்கப்பாதை திறந்திருக்கிறது. உள்ளே நுழைந்ததும் பாய் விளக்குகளையும் கூரையையும் பார்த்து, சுரங்கத்திலிருந்து வந்தவனை மறுபடியும் சுரங்கத்துக்குள் விடுகிறீர்களே என்றார். மதியம் 2.45-க்கு சோனமார்க் சேர்ந்தோம். அறை வாடகை 2,200 ரூபாய். உயரம் சுமார் 2,700 மீட்டர். ஒரு இரவு இங்கே தங்கியே ஆக வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். எங்கள் சுரங்கத்தின் அடிமட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. அங்கே வேலை செய்த நுரையீரலுக்கு ஒரு நாள் அவகாசம் கொடுப்பது நியாயம்.

நான்கு மணிக்கு விடுதி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நாளை யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்தது. சமவெளியில் அவர், மலையில் நான் என்பதுதான் நெய்வேலியில் நாங்கள் பேசிக்கொண்ட ஏற்பாடு.

"ஏத்தத்த நான் ஓட்டறேன் சார்," என்றார் பாய்.

"இறக்கம்?"

"அத அப்பால பாத்துக்கலாம்."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். ஒரு காண்ட்ராக்டர் அவரை மறுபடியும் டம்பர் ஓட்டக் கூப்பிட்டிருக்கிறார். அக்டோபர் முதல் வாரத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். பாரம் ஏற்றிய வண்டியைச் சரிவுப் பாதையில் ஏற்றி, மேலே மண் கொட்டும் விளிம்பு வரை பின்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பாதுகாப்பு அதிகாரி நின்று பார்ப்பார். பாய் இன்னும் சரி என்றோ முடியாது என்றோ சொல்லவில்லை. மூன்று வருடமாக ஊரில் கடையின் மினி வேனைத் தவிர வேறெதையும் அவர் ஓட்டவில்லை, அதையும் எந்த மேட்டிலும் ஏற்றியதில்லை.

"என்னால முடியுமான்னு எனக்குத் தெரியணும் சார். அங்க போயி அத்தன பேரு எதிர்ல காலு நடுங்குனா அசிங்கம். இங்க நடுங்குனா நீங்க ஒருத்தர்தான பாப்பீங்க."

நான் எழுதிவிடுவேனே என்றேன்.

"எழுதுங்க. மந்தாரக்குப்பத்துல யாரு படிக்கறாங்க."

குவாரியில் என்ன நடந்தது என்று கேட்டேன். "ஈர மண்ணு சார். வழுக்கிடுச்சு," என்றார். பல பேரிடம் பல முறை சொன்ன பதில் எப்படி ஒலிக்கும் என்று என் தொழிலில் எனக்குத் தெரியும். நான் மேலே கேட்கவில்லை.

மறுநாள் காலை 5.50-க்குச் சோதனைச் சாவடி வரிசையில் பதினான்காவது வண்டியாக நின்றோம். வண்டி எண், பெயர், ஆதார் எழுதிக்கொண்டார்கள். பாரவண்டிகளை எந்தப் பக்கத்திலிருந்து எந்த நேரத்தில் விடுவது என்பதை இங்கே காவல்துறை முடிவு செய்கிறது. அன்று காலை ஏறும் வண்டிகளின் முறை. 6.25-க்கு வரிசை நகர்ந்தது. ஓட்டுநர் இருக்கையில் பாய். இருக்கையை இரண்டு முறை முன்னும் பின்னும் இழுத்தார், கண்ணாடிகளை மூன்று முறை திருத்தினார்.

பால்தலுக்குப் பிரியும் இடம் வரை சாலை பரவாயில்லை. அதன்பிறகு தார் தீர்ந்து ஏற்றம் தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகள் முடிந்ததும் சாலை மலையின் இடுப்பில் நேராக ஏறுகிறது. ஏறும்போது இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் பள்ளம். அகலம் சில இடங்களில் இரண்டு வண்டிக்குப் போதும், பல இடங்களில் ஒன்றரை வண்டிக்குத்தான். தடுப்புச் சுவர் இருக்கும் இடங்களை விரல் விட்டு எண்ணலாம். பனியுருகிய நீர் சாலையின் குறுக்கே ஓடும் இடங்களில் சேறு, மற்ற இடங்களில் முன்வண்டியின் புழுதி. கீழே பால்தல் மைதானத்தில் நிற்பவை லாரிகளா கூடாரங்களா என்று பிரித்துச் சொல்ல முடியாத உயரத்துக்கு நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டோம்.

திறந்தவெளிச் சுரங்கத்தில் மண்ணைப் படிப்படியாக வெட்டி இறக்குவார்கள். ஒவ்வொரு படிக்கும் பெஞ்ச் என்று பெயர். பாய் ஒவ்வொரு வளைவையும் பெஞ்ச் என்றே எண்ணிக்கொண்டு வந்தார். "மூணாவது பெஞ்ச். சரிவு நம்மளவிட ஜாஸ்தி. மண்ணு மோசமில்ல." அவருடைய கால் நடுங்குகிறதா என்று நான் பார்க்காமல் இல்லை. நடுங்கவில்லை. ஆனால் பேச்சு அதிகமாக இருந்தது. சாதாரணமாக அவர் அவ்வளவு பேசுகிறவர் அல்ல.

அந்த முன்னாள் படைவீரரின் நினைவாகப் பாறைகளைக் கவனித்துக்கொண்டே வந்தேன். வெடிவைத்த துளைத் தடங்கள் பல இடங்களில் இருக்கின்றன. எது அன்று வெட்டியது, எது போன வருடம் அகலப்படுத்தியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியும் என்று நினைத்துக்கொண்டு போனதே தவறு. சாலை என்பது வருடாவருடம் பனி இடித்து மனிதர் திருப்பிப் போடுவது. மாறாமல் இருப்பது அது போகும் கோடு மட்டும்தான். டாங்கிகளும் இதே பாறைக்கும் இதே பள்ளத்துக்கும் நடுவில்தான் ஏறியிருக்க வேண்டும்.

7.45 மணி. முன்னால் போன வண்டிகள் ஒரு திருப்பத்தில் மறைந்துவிட்டன. எங்களுக்கு இருபது மீட்டர் பின்னால் சிமெண்ட் ஏற்றிய லாரி ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. அப்போது எதிரே திருப்பத்தில் இன்னொரு லாரி இறங்கி வந்தது. அந்த நேரத்தில் அது அங்கே வந்திருக்கக் கூடாது. முந்தின நாள் டயர் வெடித்து மேலேயே நின்றுவிட்டு, காலையில் சரிசெய்து கிளம்பியது என்று பிறகு தெரிந்தது. முழுப் பாரம், இறுகக் கட்டிய தார்ப்பாய். எங்களுக்கு எதிரே மூக்கோடு மூக்காக வந்து நின்றது.

மலைச் சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்கும் லாரி பின்வாங்கியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் சுரங்கத்துச் சாலையில் வேறு வழக்கம்: ஏறினாலும் இறங்கினாலும் பாரம் ஏற்றிய வண்டிக்கு வழி, சின்ன வண்டிதான் ஒதுங்க வேண்டும். "லோடு வண்டி சார், நாமதான் ஒதுங்கணும்," என்றார் பாய். நான் வாயைத் திறப்பதற்குள் ரிவர்ஸ் போட்டு, மூன்று முறை ஹாரன் அடித்தார்.

மூன்று ஹாரன் என்றால் வண்டி பின்னால் வருகிறது, விலகு. சுரங்கத்தில் வேலை செய்த எவரும் தூக்கத்திலும் அறிந்த மொழி. பின்னால் வந்த சிமெண்ட் லாரி அதைக் கேட்டு இன்னும் பத்து மீட்டர் முன்னால் வந்து நின்றது.

இப்போது எதிரே ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, நடுவில் நாங்கள். சிமெண்ட் லாரி சேற்றைத் தாண்டி மேலே ஏறி நின்றுவிட்டது. பாரத்தோடு பின்னால் இறங்கினால் சறுக்கும் என்றார் அதன் ஓட்டுநர். எங்களுக்கும் அந்த லாரிக்கும் நடுவில் பதினோரு மீட்டர் இருக்கலாம் (பிறகு அடி வைத்து அளந்தேன்). அந்த இடைவெளியில் பள்ளத்துப் பக்கமாகச் சாலை கொஞ்சம் புடைத்து, ஒரு ஜீப் ஒதுங்கும் அளவுக்கு அரைவட்டமாக இருந்தது. அதற்குள் பின்னால் போய் ஒதுங்கினால் மேலிருந்து வந்த லாரி எங்களைக் கடந்து, சிமெண்ட் லாரியையும் ஒருவாறு தாண்டிவிடும். வேறு வழியில்லை.

நான் இறங்கி ஜீப்பின் பின்புறம் பாறையை ஒட்டி நின்றுகொண்டு, வா வா என்று கையசைத்தேன். ஜீப் நகரவில்லை. மறுபடியும் அசைத்தேன். மேல் லாரி ஹாரன் அடித்தது. சிமெண்ட் லாரி ஓட்டுநர் இறங்கி வந்து ஏதோ கத்தினார். கைக்கடிகாரத்தில் 7.52. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. 7.54 ஆயிற்று. முந்தின நாள் டீயோடு அவர் சொன்ன நடுக்கம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இனி அந்த மனிதர் டம்பர் பக்கமே போகமாட்டார், அதற்கு நானும் ஒரு சாட்சி ஆகிவிட்டேன் என்றும் நினைத்தேன். ஜன்னலுக்குப் போனேன்.

"பாய், நான் எடுக்கட்டுமா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. வலப்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் சும்மா கிடந்தன. நடுக்கம் இல்லை.

"நீங்க எங்க நின்னுக்கினு இருந்தீங்க?"

"பின்னாலதான். பாறை ஓரமா."

"எனக்குத் தெரியல. கண்ணாடில ஆளு தெரியலன்னா வண்டி நகராது. இந்தாண்ட வந்து நில்லுங்க."

இந்தாண்ட என்றால் ஓட்டுநர் பக்கம், அதாவது பள்ளத்துப் பக்கம். எட்டிப் பார்த்தேன். சக்கரத்திலிருந்து விளிம்புக்கு ஒன்றரை மீட்டர். விளிம்பிலிருந்து கீழே எவ்வளவு என்று அளக்க என்னிடம் எதுவும் இல்லை.

"அங்கயா?"

"அங்கதான் சார். நீங்க நிக்கவே பயப்படற எடத்துல நான் எப்டி வண்டிய வுடறது?"

போய் நின்றேன். அந்த அரைவட்டத்தின் கோடியில், ஜீப்பின் பாதையிலிருந்து விலகி, பாறை தலைகாட்டிய ஒரு இடத்தைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு நின்றேன். கண்ணாடியில் அவருடைய கண்கள் தெரிந்தன. அவருக்கு நான் தெரிந்தேன் என்பதற்கு அதுதான் அடையாளம். தலையை ஒருமுறை அசைத்தார். இந்தத் தடவை ஹாரன் இல்லை. ஜன்னல் வழியே வலது கையை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, ஒரு முழம், இரண்டு முழம் என்று வந்தார். விளிம்பின் மண் உதிர்கிறதா என்று நான் பார்த்தேன். உதிர்ந்த ஒரு இடத்தில் கையை உயர்த்தினேன். வண்டி அந்தக் கணமே நின்றது. முன்னால் போய், சக்கரத்தைத் திருப்பி, மறுபடி வந்தார். நான்கு தடவையில் ஜீப் அரைவட்டத்துக்குள் அடங்கியது. மொத்தம் ஆறு நிமிடம்.

மேல் லாரி எங்களை ஒரு சாண் இடைவெளியில் கடந்தது. ஓட்டுநர் நெஞ்சில் கைவைத்து ஸலாம் சொன்னார். பாய் பதில் ஸலாம் சொன்னார். அவர் மகிழ்ந்துபோய் இன்னும் நாலு வார்த்தை பேசிக்கொண்டே போக, பாய் என்னைப் பார்த்தார். எனக்கும் அது புரியவில்லை, காஷ்மீரியாக இருந்திருக்கலாம்.

சிமெண்ட் லாரி ஓட்டுநர் எங்களிடம் வந்து நியாயம் கேட்டார். உங்கள் ஆள் மூன்று முறை அடித்தாரே, முன்னால் வழி இருக்கிறது, வா என்றுதானே அர்த்தம், அதனால்தான் வந்தேன் என்றார். நான் பாயிடம் சொன்னேன். பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க ஊர்ல அதுக்கு 'ஓடு'ன்னு அர்த்தம்னு சொல்லுங்க சார்."

சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். நெய்வேலி என்றேன். அவருக்குத் தெரியவில்லை. பழுப்பு நிலக்கரி, மின்சாரம் என்றெல்லாம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்கள் ஊரில் ஹாரனை நிறைய நம்புகிறீர்கள் போலிருக்கிறது என்றார். அதை மொழிபெயர்த்தபோது பாய் சிரிக்கவில்லை.

அங்கிருந்து கணவாயின் உச்சி வரை பாய் ஒரு பெஞ்சையும் எண்ணவில்லை. 8.35-க்கு உச்சி. 3,528 மீட்டர், 11,575 அடி. உச்சி என்றதும் கூம்பாக ஒரு சிகரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இரண்டு பக்கமும் மலை விலகி நிற்க, நடுவில் அகலமான புல்வெளியும் ஓடையும் இருக்கின்றன. சற்றுத் தள்ளி வண்டியை ஓரம் கட்டினோம். பாய் பின் இருக்கையிலிருந்து பையை எடுத்தார். மந்தாரக்குப்பத்திலிருந்து கொண்டுவந்த வாழைக்காய் சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பியிருந்தது. கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப்போடப் பார்த்தார். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அப்படி ஆகும் என்று நான் சொன்னதை அவர் முழுதாக நம்பவில்லை. முதலில் என்னைத் தின்னச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கையைவிட்டார்.

பாதிப் பாக்கெட் தீர்ந்த பிறகு சொன்னார்.

"அன்னைக்கு மண்ணு ஈரமாதான் சார் இருந்துச்சு. ஆனா காரணம் அது இல்ல."

சிப்ஸ் பாக்கெட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"பின்னால நின்னு கை காட்டற சிக்னல் ஆளு கண்ணாடில தெரியல. மூணு ஆரன் அடிச்சேன். அடிச்சா ஒதுங்கிக்குவான்னு வண்டிய வுட்டுட்டேன். அவன் கடைசில குதிச்சான். கணுக்காலு போச்சு. வண்டிக்குப் பின்சக்கரம் எறங்கிடுச்சு. ரிப்போர்ட்ல ஈர மண்ணுன்னு எழுதிக்கினாங்க. நானும் அதையே சொல்லிக்கினு இருந்தேன்."

அந்தச் சிக்னல் ஆளின் பெயர் செல்வம், ஊர் வடலூர். பாய் அவரை மருத்துவமனையில் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறார். ஆள் தெரியாமலே வண்டியை விட்டதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. மூன்று வருடமாக, சரிவுக்குத்தான் தான் பயப்படுவதாக நினைத்துக்கொண்டிருந்தாராம். இன்று அவ்வளவு சரிவிலும் கால் நடுங்கவில்லை. கண்ணாடியில் நான் தெரியாத அந்த இரண்டு நிமிடம் மட்டும் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை என்றார். நான் நோட்டை எடுக்கவில்லை. எழுதலாமா என்று மட்டும் கேட்டேன். முதலில் செல்வத்திடம் தானே போய்ச் சொல்லிவிட்டு வருவதாகவும், அதன்பிறகு எழுதலாம் என்றும் சொன்னார்.

மினாமார்க் சாவடியில் மறுபடியும் பெயர் எழுதினார்கள். அங்கிருந்து தார்ச்சாலை திரும்ப வருகிறது. பகல் 11.20-க்கு திராஸ். சோனமார்க்கிலிருந்து 62 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். அறை 1,800 ரூபாய், வெந்நீர் வாளிக்கணக்கில். மறுநாள் அதே வழியில் திரும்பினோம். அந்தப் பக்கத்து வண்டிகளை மதியத்துக்கு மேல்தான் விட்டார்கள். இறக்கம் முழுக்க பாய்தான் ஓட்டினார். இரண்டாவது கியரை விட்டு மாறவே இல்லை. நாங்கள் ஒதுங்கிய அரைவட்டத்தைப் படமெடுக்க வேண்டும் என்று தேடிக்கொண்டே வந்தேன். அப்படி ஏழெட்டு இடங்கள் இருந்தன, எது என்று தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கணவாய் திறந்திருக்குமா, எந்தப் பக்கத்துக்கு எந்த நேரம் என்பதை முந்தின நாள் மாலை சோனமார்க் சாவடியிலேயே கேளுங்கள், இணையத்தில் பழைய தகவல்தான் கிடைக்கும். நேரம் ஒதுக்கியிருந்தாலும் எதிரே வண்டி வராது என்று நம்பாதீர்கள். வாடகைக்கு எடுத்த வண்டி என்றால் லடாக் பக்கத்தில் உள்ளூர் டாக்ஸிக்காரர்கள் ஆட்சேபிக்கக்கூடும், முன்பே விசாரியுங்கள். தரைக்கும் வண்டியின் அடிக்கும் இடைவெளி குறைந்த கார் வேண்டாம். எங்கள் ஜீப்புக்குப் போக வர 31 லிட்டர் டீசல் ஆனது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. புழுதிக்கு மூக்குத்துணி, செப்டம்பரிலும் கம்பளிச் சட்டை. சோனமார்க்கில் ஒரு இரவு தங்காமல் ஏறாதீர்கள். ஹாரனை வளைவுகளில் அடியுங்கள், ஆனால் அடித்தது புரிந்திருக்கும் என்று எண்ணாதீர்கள். வண்டியைப் பின்னால் எடுக்க நேர்ந்தால் ஒருவர் இறங்க வேண்டும். இறங்குகிறவர் தனக்கு வசதியான இடத்தில் நிற்கக் கூடாது. ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும்.

அந்தச் சாலையை வெட்டியவர் என் நோட்டில் சொல்லியிருந்த ஒரு விஷயம் முன்பு எனக்கு முக்கியமாகப் படவில்லை. பனிமூட்டத்தில் விளிம்பு தெரியாதபோது, டாங்கிக்கு முன்னால் ஒருவர் நடந்துபோவாராம், விளிம்போரமாக. சுழற்சி முறையில் அந்த வேலை வருமாம். யார் முறை என்று எல்லோருக்கும் நினைவிருக்கும் என்றார். பத்திரிகையில் வந்த நான்கு வரியில் அது இல்லை.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் பாய் வடலூர் போனார். தனியாகத்தான் போனார். அன்று மாலை டீக்கடையில் சொன்னார். செல்வம் இப்போது ஒரு மோட்டார் பம்ப் கடையில் உட்கார்ந்து செய்யும் வேலையில் இருக்கிறாராம், நடையில் இன்னும் லேசான சாய்வு உண்டாம். பாய் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவர் ஒரு பம்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாராம்.

"கோபப்பட்டாரா?" என்று கேட்டேன்.

"படல சார். 'எனக்குத் தெரியும்ண்ணே. கண்ணாடில நான் தெரிஞ்சிருக்க மாட்டேன். ஓரத்துக்குப் பயந்துக்கினு அந்தாண்ட போயி நின்னுட்டேன். யாருகிட்டயும் சொல்லல'ங்கறான்." டீயை முடித்துவிட்டு, "நீங்க எழுதிக்கோங்க. அவனும் எழுதச் சொல்லிட்டான்," என்றார். அங்கிருந்தே காண்ட்ராக்டருக்குப் போன் போட்டு, வருகிறேன் என்றார்.

டம்பர் ஓட்டிக் காட்டிய அன்று காலை 9 மணிக்கு நான் காண்ட்ராக்டரின் யார்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். முந்தின நாள் மழை, மண் ஈரம். பாய் பாரத்தோடு சரிவில் ஏறினார், மேலே வண்டியைத் திருப்பினார். மூன்று ஹாரன் அடித்தார். சிக்னல் ஆள் கையசைத்தார். வண்டி நகரவில்லை. மறுபடி கையசைத்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ சொன்னார். வேலிக்கு இந்தப்பக்கம் நின்ற இரண்டு பேர், ஆளுக்குப் பயம் போகவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. ஓட்டுநர் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு, இந்தாண்ட வா என்று காட்டியது. சிக்னல் ஆள் ஒரு கணம் விளிம்பைப் பார்த்தார். பிறகு டம்பரின் முன்புறமாகச் சுற்றி ஓட்டுநர் பக்கம் வந்து, பின்னால் தள்ளிப்போய் நின்றார்.

வண்டி நகர்ந்தது.